சுரக்கானேந்தலின் காயாத சேலை

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் சம்பந்தியம்மா பிரகாசி. என் மகளுக்குத் தலைப்பிரசவ வலி கண்டு உள்ளே கொண்டுபோன அன்று, தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தோம். பாதியில் அவர் மணியை விரலில் பிடித்தபடியே நிறுத்தி, “எங்க ஊர்ல ஒரு சேலை இருந்துச்சு, சம்பந்தி” என்று ஆரம்பித்தார். அவர் பிறந்த ஊர் சுரக்கானேந்தல். அவர் சொன்னபடியே சொல்கிறேன். என் வாயில் ஏதாவது கூடிப்போயிருந்தால் ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல் வரும் என்பார்கள், வராது; மேற்கே நன்றாக உற்றுப் பார்த்தால் மலை தெரியும் என்பார்கள், தெரியாது; அப்படி நடுவில் கிடக்கிற ஊர் சுரக்கானேந்தல். ஒரு மாதா கோயில், ஒரு கண்மாய், துணி துவைக்க மட்டும் ஆகிற ஓர் உப்புக்கிணறு, மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற புஞ்சைகள், அவ்வளவுதான் ஊர். மழை தவறினால் கண்மாய்க்குள் ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அதற்கு ஊற்று என்று பெயர். ஒரு சிரட்டை அள்ளினால் அடுத்த சிரட்டை ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பெண்களுக்கு என்று ஒதுக்கின வேலை.

மதலேனம்மாள் தொம்மைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வயிற்றில் முதல் பிள்ளையோடு இருந்த வருடம் கண்மாய் பாளம்பாளமாய் வெடித்துக் கிடந்தது. மாசமாய் இருக்கிறவளைக் குழிக்குள் இறக்கக்கூடாது என்று தொம்மையே குடத்தைத் தூக்கிக்கொண்டு விடியும் முன்னே போய்ப் பெண்கள் வரிசையில் நின்றான்.

“என்னண்ணே, வந்ததுதான் வந்தீக, மதினி சேலையையும் சுத்திக்கிட்டு வந்திருக்கலாம்ல?” என்றாள் பக்கத்து வீட்டுக் குழந்தைத்திரேசு. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை.

“உனக்கும் சேத்து அள்ளித் தாரேன் தங்கச்சி, கொஞ்ச நேரம் வாயை மூடு” என்றான் தொம்மை. குழியைச் சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் வீட்டில் மாதம் நிறையாமலே பிள்ளை வந்துவிட்டது. பெண் பிள்ளை. அழவில்லை, ஆனால் மூச்சு இருந்தது, அணையப்போகிற திரி மாதிரி. மருத்துவச்சிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோயிலில் பூசை வைக்கிற சாமியார் பக்கத்து ஊரில் இருந்தார். அந்த மாதிரி நேரத்தில் யார் வேண்டுமானாலும் பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். எச்சில் ஆகாது, கண்ணீர் ஆகாது, தண்ணீர்தான் வேண்டும் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மருத்துவச்சி பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. சொம்பைக் கவிழ்த்தாள், ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், அங்கே பானையே இல்லை, அது ஊற்றங்கரையில் வரிசையில் இருந்தது. உப்புக்கிணறோ ஊருக்கு வெளியே கிடந்தது. எங்கேயோ அரைச் சிரட்டைத் தண்ணீர் கிடைத்து அவள் ஓடிவந்தபோது பிள்ளையின் வாய் மூடியிருந்தது.

தொம்மை நிறைகுடத்தோடு வந்துகொண்டிருந்தான். அரும்பாடுபட்டு அள்ளிய தண்ணீர், ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று, அடிமேல் அடியாக மெதுவாக நடந்து வந்தான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அந்தக் காலத்து வழக்கம். தகப்பன் தனியாகத் துண்டில் சுற்றிக்கொண்டு போவான்; எங்கே வைத்தான் என்பதைத் தாய்க்கு மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் தாயின் கால் அங்கேயே போகும், அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த பிள்ளையும் போய்விடும் என்பார்கள். தொம்மை அந்தக் குடத்துத் தண்ணீரிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வெயில் ஏறித் திரும்பி வந்தான்.

“எங்க வச்சீங்க?”

“கேக்காத புள்ள.”

“எடத்தைச் சொல்ல வேணாம். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கம் பாத்துப் படுத்துக்கிறேன்.”

“கேக்காத.”

அன்றிலிருந்து மதலேனம்மாளுக்கு ஆண்டவரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொன்னைக் கேட்கவில்லை, நீண்ட ஆயுசைக் கேட்கவில்லை. இந்த ஊர் மண் இவ்வளவு கிடக்கிறதே, இதில் ஒரு கை அகலம் எது என்று மட்டும் காட்டிவிடு என்று கேட்டாள்.

பிள்ளை போன செய்தி உடம்புக்குத் தெரியவில்லை. பால் சுரந்தது. உடுத்தியிருந்த வெளிர்நீல நூல்சேலை மார்போடு நனைந்து கஞ்சி போட்டது மாதிரி விறைத்துக்கொண்டது. அதை உப்புக்கிணற்றில் அலசிப் பிழிந்து, வேலிக்கும் வேம்புக்கும் நடுவில் கொடியில் போட்டாள். கூடப் போட்ட துணிகளெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டன. அந்தச் சேலை காயவில்லை. மறுநாள் வெயிலிலும் காயவில்லை, அதற்கும் மறுநாள் அடித்த மேல்காற்றிலும் காயவில்லை. முழுக்க ஈரமாகவும் இல்லை. வெளுத்துக் காய்ந்த துணியில் அங்கங்கே கருநீலமாய்த் திட்டுகள், தொட்டால் சில்லென்று இருந்தன.

சேலையைப் பிழியத் தெரியாத மருமகள் என்று கேலிபேச வந்த குழந்தைத்திரேசு, கொடிக்கு முன்னால் நின்று இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“மதினி, இங்க வா. இந்த வளைவு கண்மாய்க் கரை. இந்தா கலுங்கு, தண்ணி வழியுற எடம். இது கோயில் புளியமரத்தடி. இது உப்புக்கெணறு.”

“ஒங்க புஞ்சை எங்க?” என்று கேட்டாள் மதலேனம்மாள்.

குழந்தைத்திரேசு விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே துணி அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. “சேலை பொய் சொல்லல” என்றாள்.

ஊர் வந்து பார்த்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. மண்ணின் ஈரம் மண்ணில் தெரிந்தால் என்ன, துணியில் தெரிந்தால் என்ன, தெரிந்தால் சரி என்பதுபோலத்தான் பார்த்தார்கள். ஊர்த் தலைவர் இஞ்ஞாசியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “என் நாலு செய் வயலை இத்தனூண்டா காட்டுதே, இது என்ன நியாயம்?” என்று கேட்டார்.

“துணி அந்த ஓரத்துல கொஞ்சம் சுருங்கியிருக்கு மாமா. இழுத்து விடவா?” என்றான் தொம்மை.

“இழுக்காதப்பா. பக்கத்துப் புஞ்சைக்காரன் வரப்பை வெட்டிட்டேன்னு சண்டைக்கு வந்துருவான்.”

ஐப்பசியில் மழை விழுந்தபோது சேலை மேற்கே ஒரு ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து, முந்தானைவரை கருநீலமாகிச் சொட்டியது. அதற்குப் பிறகு உழப் போகிறவன் ஏரைப் பூட்டும் முன் கொடியடியில் வந்து நின்றுவிட்டுப் போனான். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் சேலையைப் பார்த்தார்கள். பங்காளிகள் பாகம் பிரித்தபோது இரண்டு பேருக்கும் ஈரம் சமமாக வருகிறதா என்று சேலையைக் கையால் சாண்போட்டுப் பார்த்தார்கள். சேலையை மழையிலும் வெயிலிலும் விடக்கூடாது என்று கோயிலுக்குப் பக்கத்துச் செபக்கூடத்தில் கொடி கட்டி அதற்கென்று இடம் கொடுத்தார்கள். மதலேனம்மாள் அதைத் திரும்ப உடுத்தவே இல்லை. யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை. பிறந்த வீட்டில் எடுத்துக்கொடுத்த சேலை ஊருக்குப் பொதுவாய்ப் போயிற்று.

ஒரு வருடம் ஆவணியிலேயே ஒரு மழை விழுந்து சேலை முழுக்க இருண்டது. ஊரே குதித்துக்கொண்டு போய் விதைத்தது. முளைத்ததெல்லாம் ஒரு வாரத்தில் சுருண்டு படுத்துவிட்டது. மதலேனம்மாள்தான் சேலையைத் திருப்பிப் பார்த்தவள். மேல்பக்கம் ஈரமாக இருந்தது, உள்பக்கம் எலும்பாகக் காய்ந்திருந்தது. மேல்பக்கம் மேல்மண், உள்பக்கம் அடிமண் என்று அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. விதை போன பிறகு விளங்கியது. அதன்பின் சுரக்கானேந்தலில் எதற்கெடுத்தாலும் “திருப்பிப் பாத்தியா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை நல்ல வேலையில் இருக்கிறான் என்றால், “திருப்பிப் பாத்தியா?” மாடு லட்சணமாக இருக்கிறது என்றால், “திருப்பிப் பாத்தியா?” ஒருமுறை புதுச் சாமியார் பிரசங்கம் உருக்கமாக இருந்தது என்று யாரோ சொல்ல, குழந்தைத்திரேசு அதையே கேட்டாள்.

வருடாவருடம் மார்கழிக் கடைசியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளன்று, மழைக்காலம் முடிந்து மண்ணில் எவ்வளவு ஈரம் தங்கியதோ அந்த ஓரத்தைச் சுற்றி மதலேனம்மாள் ஊசிநூலால் ஓட்டுத்தையல் போட்டாள். ஒரு வருடம் சிவப்பு நூல், அடுத்த வருடம் மஞ்சள், அடுத்த வருடம் பச்சை. யாரும் செய்யச் சொல்லவில்லை. ஊர் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டது. அவளுக்கு அது கணக்கு இல்லை. ஊசியை ஒவ்வோர் இடமாக வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கிற தொம்மையின் முகத்தைப் பார்ப்பாள். இங்கேயா? கண் அசைகிறதா? இங்கேயா? உதடு இறுகுகிறதா? முதல் வருடம் பாதிச் சேலை தைப்பதற்குள் தொம்மைக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போனவன்தான், அதன்பிறகு தையல் நாளில் ஊரிலேயே இருக்கமாட்டான். மாட்டுக்கு லாடம் அடிக்க வேண்டும், மிளகாய் விலை விசாரிக்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

இரண்டு பெண்கள் பிறந்தார்கள், பானையில் தண்ணீர் இருக்கும்போது பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கட்டிக்கொடுத்த ஊர்களுக்குப் போனார்கள். நூல்கள் மட்டும் உள்ளே உள்ளே வந்துகொண்டிருந்தன. நல்ல மழை பெய்த வருடம் தையல் கொஞ்சம் வெளியே போகும், ஆனால் பழைய நூலைப் போய்த் தொட்டதே இல்லை. கண்மாய் வற்றும்போது சேறு வளையம் வளையமாக விட்டுக்கொண்டு போகுமே, அதே மாதிரி சேலையில் சிவப்புக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் பச்சை என்று வளையங்கள் குறுகின. மேற்குப் புஞ்சைகள் முதலில் போயின. அந்தப் புஞ்சைக்காரர்கள் சேலையைப் பார்க்க வருவதை நிறுத்தினார்கள். பிறகு ஊரை விட்டே போனார்கள். சீமைக்கருவேல் வந்து உட்கார்ந்தது. நெல் போட்டவன் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டான்.

பட்டணத்திலிருந்து மண் ஆராய்கிற பெண் ஒருத்தி வந்தாள். இரும்புக் குச்சியை மண்ணில் குத்தி அதன் தலையில் தெரிந்த எண்ணைப் பார்ப்பாள், பிறகு செபக்கூடத்துக்கு வந்து சேலையைப் பார்ப்பாள், திரும்பப் போவாள். சாயங்காலம் சேலைக்கு முன்னால் உட்கார்ந்து, “மேலே வானத்துல இருந்து எடுக்கிற படத்துலயும் இப்படித்தாம்மா தெரியுது. இந்த ஊர் மட்டும் இல்ல, சுத்துவட்டாரமே. மேற்கே இருந்து வருது” என்றாள்.

“எது வருது தாயி?” என்றார் இஞ்ஞாசியார்.

“காய்ச்சல்” என்றாள் அவள். எழுதிக்கொண்டு போனாள். எழுதியதை மேலே அனுப்பினாள் என்றும் கேள்வி. குச்சியும் வானத்துப் படமும் சேலையும் ஒன்றையே சொல்லின. மூன்றும் சேர்ந்து சொல்லியும் மேகத்துக்குக் காது கேட்கவில்லை.

அதற்கப்புறம் வந்த கோடையில் சேலையை மாதா சுருபத்தோடு பவனியாகக் கொண்டுபோய் மழைக்கு வேண்டுவது என்று முடிவானது. நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொள்ள, சாமியார் தீர்த்தம் தெளித்தார். மேட்டுப் புஞ்சை இருக்கிற இடத்தில் துணியில் பெரிய பெரிய சொட்டுகள் விழுந்தன. மறுநாளும் அவை காயவில்லை. அந்தச் சேலையில் விழுந்த எது உடனே காய்ந்தது! ஆனால் ஊர் முழங்காலில் விழுந்தது. ஆண்டவரே இடம் காட்டிவிட்டார் என்று இஞ்ஞாசியார் போர் போடுகிற வண்டியைக் கூட்டிவந்தார். வண்டி இரைந்தது, இரைந்துகொண்டே இறங்கியது, குழாய்மேல் குழாயாக இறங்கியது. வெள்ளைப் புழுதிதான் கிளம்பிவந்து கூரையிலும் ஆட்டுக்குட்டியிலும் முழங்காலில் நின்றவர்களின் நெற்றியிலும் விழுந்தது. தண்ணீர் இல்லை.

“இந்த வருசம் சாம்பல் புதன் ரெண்டு தடவை வந்துருச்சு” என்றாள் குழந்தைத்திரேசு நெற்றியைத் துடைத்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. வண்டி போனபிறகு, சொட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

அதிலிருந்து ஈரக்கையோடு யாரும் சேலைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். அழுகிறவர்களும் தள்ளி நிற்க வேண்டும். மதலேனம்மாளுக்கு அழ வேண்டியிருந்தால் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, வெளியே போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.

அந்தக் காலத்தில் வந்த ஒரு சின்ன வயதுச் சாமியாரிடம் அவள், பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில், பிள்ளையை வைத்த இடம் தெரியாத ஆதங்கத்தைச் சொன்னாள். “அதெல்லாம் பழைய வழக்கம்மா. பிள்ளை கடவுள்கிட்டதான் இருக்கு. கவலைப்படாதீங்க” என்றார் அவர்.

“அது சரி சாமி. அவ ஆண்டவர்கிட்டயே இருக்கட்டும். எங்க கெடக்குறான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

சாமியார் பாவத்துக்கு அபராதமாக, மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறைந்த மந்திரம் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லச் சொன்னார்.

கடைசியில் ஒரு வருடம் மழையே இல்லை. மூன்று ராஜாக்கள் திருநாளன்று மதலேனம்மாள் நூல் கோத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் தைக்க ஓரம் இல்லை. சேலை முழுக்க வெளுத்துக் கிடந்தது. கோத்த நூலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். குழந்தைத்திரேசு பின்னால் வந்து, இந்த முறை குரலில் கேலி இல்லாமல், “திருப்பிப் பாத்தியா மதினி?” என்றாள்.

திருப்பினார்கள். உள்பக்கத்தில், கண்மாய்க்குள்ளே, கலுங்குக்குக் கொஞ்சம் தள்ளி, கை அகலத்துக்கு ஒரே ஒரு கருநீலத் திட்டு இருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஊர் செபக்கூடத்தில் கூடிவிட்டது. ஊர் என்றால் மிச்சம் இருந்த ஊர். வண்டியில் வருகிற தண்ணீர் வராமல் போய்ப் பல நாளாகியிருந்தது. குழந்தைத்திரேசுவின் மருமகள் நிறைமாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கே தோண்டிருவோம்” என்றார் இஞ்ஞாசியார். “இது தீர்த்தம் இல்ல. அடிமண் ஈரம். கண்ணால பாத்தாச்சு.”

“அங்க தோண்டக் கூடாது” என்றது ஒரு குரல்.

தொம்மை எழுந்து நின்றிருந்தார். தலை நரைத்து, முதுகு வளைந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்க் கூட்டத்தில் அவர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

“ஏன் கூடாது?”

“கூடாது மாமா. வேற எங்கயாச்சும் தோண்டுங்க.”

“வேற எங்க இருக்கு? சொல்லு பாப்போம்.”

தொம்மை தூணோடு ஒட்டி நின்றார். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். கண்மாய் என்ன உன் பாட்டன் சொத்தா என்று ஒருவன் கேட்டான். “அண்ணே, என் வீட்ல ஒரு உசிரு வயித்துல கெடக்கு, வாயைத் தொறந்து காரணத்தைச் சொல்லுண்ணே” என்று குழந்தைத்திரேசு கத்தினாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு சேலையின் அந்தத் திட்டை மட்டும் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

இத்தனை வருடம் ஊசியை நகர்த்தி நகர்த்தி மதலேனம்மாள் தேடிய முகம் அது. கண் அசைந்தது, உதடு இறுகியது.

அவள் சேலைக்குப் பக்கத்தில் போய் அந்தத் திட்டின்மேல் விரலை வைத்தாள்.

“இங்கயா?” என்றாள்.

தொம்மை தூணைப் பிடித்திருந்த கையை விட்டார். ஆமென்று தலையை அசைத்தார்.

“ஊரெல்லாம் மண்ணு கல்லாக் கெடந்துச்சு புள்ள. எங்க வெட்டினாலும் மம்பட்டி எறங்கல. வரப்புல வெட்டிப் பாத்தேன், மரத்தடியில வெட்டிப் பாத்தேன். நான் அள்ளின ஊத்து ஒண்ணுதான் மெதுவா இருந்துச்சு. என் கொடத்தோட அதுவும் வத்திப்போச்சு, வேற குழிக்குப் போயிட்டாக எல்லாரும். அங்க கொண்டுபோய்…” அதற்குமேல் அவரால் முடியவில்லை. “ஈரமா இருந்துச்சு. அது போதும்னு நெனச்சேன்.”

இஞ்ஞாசியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்படின்னா விட்ருவோம்மா” என்றார். “பிள்ளை கெடக்குற எடத்துல மம்பட்டி போட வேணாம்.” யாரும் வேறு சொல்லவில்லை. குழந்தைத்திரேசுவும் சொல்லவில்லை, மருமகள் பக்கம் திரும்பியவள், உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மதலேனம்மாள் விரலை எடுக்கவில்லை. தேடியது கிடைத்துவிட்டது. கிடைத்த உடனே ஊரும் அதை விட்டுக்கொடுத்துவிட்டது. இனி அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம், ஒரு கல் நடலாம், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். அதைத்தான் கேட்டாள் இத்தனை காலமும். அவள் கண்ணுக்குக் கவிழ்த்த பானை தெரிந்தது. கவிழ்த்த சொம்பு தெரிந்தது. சுவரில் சாய்ந்திருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“தோண்டுங்க” என்றாள் மதலேனம்மாள். “மிஷின் வேணாம். கையால தோண்டுங்க. மொத மண்ணு நான் எடுக்குறேன்.”

விடிந்ததும் போனார்கள். தொம்மை முன்னால் நடந்தார். கலுங்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, எத்தனையோ வருட வண்டல் மூடிய கண்மாய்க்குள், அடையாளம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில், தேடாமல் போய் நின்றார். மதலேனம்மாள் முழங்காலில் உட்கார்ந்து கையால் மண்ணை எடுத்தாள். பிறகு ஆண்கள் தோண்டினார்கள், மம்பட்டியை ஓங்காமல், சுரண்டிச் சுரண்டி. ஒவ்வொரு கூடை மண்ணையும் அவளுக்கு முன்னால் கொட்டினார்கள், அவள் விரல்களால் அளைந்து பார்த்தாள். துண்டின் நூல் ஒன்றாவது இருக்குமா என்று பார்த்தாள். இல்லை. எலும்பு என்று ஒரு பொடி இல்லை. அவ்வளவு சின்னப் பிள்ளை, அவ்வளவு காலம். எல்லாம் மண்ணாகியிருந்தது. விதைப்புக்கு முன் பதம் பார்க்கிறவர்கள் செய்கிற மாதிரி அவள் ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தாள். உடையாமல் உருண்டையாக நின்றது. அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

குழியின் அடியில் மண் பளபளத்தது. பிறகு ஒரு சிரட்டை அளவுக்குத் தண்ணீர் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. மதலேனம்மாளை இறக்கிவிட்டார்கள். அவள் முதல் சிரட்டையை அள்ளினாள். ஊர் முழுக்க நாக்கு வறண்டு மேலே நின்றுகொண்டிருந்தது. அவள் குடிக்கவில்லை, குடத்தில் ஊற்றவும் இல்லை. அந்தத் தண்ணீரை மெதுவாக, பிள்ளையின் நெற்றியில் விடுகிற மாதிரி மெதுவாக, அந்த மண்ணிலேயே ஊற்றினாள். உதடு அசைந்தது. என்ன பெயர் வைத்தாள் என்று மேலே நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, பிறகும் அவள் சொல்லவில்லை.

இரண்டாவது சிரட்டை குழந்தைத்திரேசுவின் மருமகளுக்குப் போனது.

திரும்பி வந்தபோது செபக்கூடத்துக் கொடியில் சேலை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஈரத்தோடு இருந்தவரை அது ஒருநாளும் படபடத்ததில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். ஓரம் முதல் ஓரம்வரை காய்ந்திருந்தது. நூல் வளையங்கள் மட்டும் இருந்தன. அதன்பிறகு அது எதையும் காட்டவில்லை. மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

தொம்மை அந்த வருடமே போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணில் வைத்தார்கள். குழி வெட்ட ஒரு பகல் முழுதும் ஆயிற்று, அவ்வளவு கல்லாகக் கிடந்தது. மதலேனம்மாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அடக்கத்துக்கு வந்தாள். ஊற்று இன்னும் இருக்கிறது. முதலில் வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தது, பிறகு அரைக் குடம். பிரகாசியம்மா கடைசியாகப் போனபோது, ஒரு சிரட்டை ஊறுவதற்குள் ஒரு செபமாலை சொல்லி முடித்துவிடலாம் போல இருந்ததாம். பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. இருக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும், எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும், முதல் சிரட்டையை அங்கேயே ஊற்றிவிட்டுத்தான் இரண்டாவதை அள்ளுகிறார்கள். குழந்தைத்திரேசுவின் பேத்தி, கையில் சிரட்டை பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்கிறாள்.

சம்பந்தியம்மா இதைச் சொல்லி முடித்தபோது உள்ளே என் பேரன் அழுகிற சத்தம் கேட்டது.

நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போனால், தாகமாக இருந்து உங்களையும் அந்தக் குழியில் இறக்கிவிட்டால், முதல் சிரட்டையை மட்டும் அந்த மண்ணுக்கே ஊற்றிவிடுங்கள். மெதுவாக ஊற்றுங்கள்.